நியாலாஸில் குடித்த காப்பி

அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அப்பாவும் நானும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். வழியெல்லாம் எனக்கு ஒரே ஒரு கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் யூனிவர்சிட்டிக்குப் போன முதல் ஆள் நான். அங்கே அந்த மாதம் நடத்திய பாடம் அது.

ஒரு சார்பை x-ஆல் பெருக்கிவிட்டு வகையிட்டால் ஒரு விடை, வகையிட்டுவிட்டுப் பெருக்கினால் வேறு விடை. வித்தியாசம் அந்தப் பழைய சார்பேதான். பெருக்கல் ஒரு படி, வகையிடல் ஒரு படி என்றால் இரண்டும் சேர்ந்தது இரண்டாம் படி. மிச்சமாக வரும் அந்த வித்தியாசமோ அடிப்படியில் கிடக்கிறது. மேல்படி கீழ்ப்படியையும் தன்னுள் வைத்திருக்கும்படி அடுக்கினால் அது வடிகட்டிய இயற்கணிதம். ஒவ்வொரு படியிலும் கீழே உள்ளதை மறந்து, புதிதாக வந்ததை மட்டும் எடுத்தால் தரப்படுத்திய இயற்கணிதம். அதில் எதை முதலில் செய்தாலும் ஒன்றுதான். இருப்பதை எப்படி மறக்க முடியும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

செலண்டார் பக்கம் மழை கறுத்து நின்றது. அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, அங்கேதான். முறைப்படி முதல் பத்திரிகை அவருக்கு.

"மொதல்ல நியாலாஸ்ல சின்ன மாமா வீட்டுக்குப் போயிட்டு வந்துடுவோம். ரெண்டு வீடும் ஒண்ணுதான்லா," என்றார் அப்பா. அங்கே பத்திரிகை வைத்து, காப்பி குடித்து, மழை விட்டதும் செலண்டார் போனோம். பெரிய மாமா சிரித்துக்கொண்டே பத்திரிகைத் தட்டை வாங்கினார். அத்தை காப்பி நீட்டினார்.

"வேணாம்மா, நியாலாஸ்ல இப்பத்தான் குடிச்சோம்," என்றார் அப்பா.

மாமா தட்டைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, "ஏன் மருமவனே, எது ஒண்ணு, எது ரெண்டுன்னு யூனிவர்சிட்டியில சொல்லித் தரலயா?" என்றார்.

வீட்டில் அக்கா அழுதாள். "பெரிய மாமா மாலை போடாம நான் மணவறைக்குப் போகமாட்டேன்." அம்மா இரண்டு முறை செலண்டார் போய் வந்தார். மாமா வருவாரா என்று கல்யாணத்தன்று காலை வரை யாருக்கும் தெரியாது.

நாதஸ்வரம் தொடங்கியபின் வந்தார். முதல் மாலை அவர் போட்டார், அடுத்தது சின்ன மாமா. அக்கா முகம் தெளிந்தது. அப்பா தானே ஓடிப்போய் ஒரு கிளாஸ் காப்பி கொண்டுவந்து நீட்டினார்.

"வேணாம் மாப்ளே, இப்பத்தான் குடிச்சேன்."

சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; கூடவே அந்தக் கணக்கும் பிடிபட்டது.

போட்டோவில் இரண்டு மாமாக்களும் அக்காவுக்கு இரு பக்கமும் நிற்கிறார்கள். எந்த வீட்டுக்கு முதலில் போனோம் என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அந்தக் காப்பியை அப்பாதான் குடித்தார்.