தொட்டி நிறையத் தண்ணீர், குடிக்க ஆளில்லை

முப்பது வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் நான். எந்தப் படிவத்தில் எங்கே கையொப்பம் என்று தூக்கத்திலும் சொல்வேன். செமஸ்டர் விடுமுறையில் மலேசியாவின் பந்திங் அருகே தொல்லியல் அகழாய்வுக்குப் போன மாணவர்களில் என் கடைசி மகள் தர்ஷினியும் ஒருத்தி. அங்கே பாதுகாப்பைக் கவனிக்க நானே முன்வந்தேன்.

முதல் நாளே குழிகளுக்கு அருகில் தண்ணீர்த் தொட்டி வைத்து, 'குடிநீர் போதுமானது' என்று என் சரிபார்ப்புப் பட்டியலில் குறியிட்டேன். மூன்றாம் நாள் வெயிலில் அய்னா என்ற மாணவி குழிக்குள்ளேயே மயங்கி விழுந்தாள். நான் விபத்துப் படிவத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, தர்ஷினி அவளை நிழலில் கிடத்தி ஈரத்துணியால் துடைத்தாள். கண் விழித்ததும் மெல்லத் தண்ணீர் புகட்டினாள்.

“இவ்வளவு தண்ணி இருக்கே, ஏன் குடிக்கல?” என்றேன்.

“குடிச்சா எங்க போறது, அப்பா? டாய்லெட் நாங்க தங்குற ஹால்லதான் இருக்கு. போயிட்டு வர அரை மணி நேரம். பொண்ணுங்க யாருமே காலையிலேர்ந்து குடிக்கல லா. உங்க லிஸ்ட்ல அது இல்லையா?”

இருந்தது. மண்டபத்தின் இரண்டு கழிப்பறைகளுக்கும் குறியிட்டிருந்தேன்.

தர்ஷினி நேரே குழுத் தலைவரிடம் போனாள். “பக்கத்துல டாய்லெட் வர்ற வரைக்கும் யாரும் குழியில எறங்க மாட்டோம், சார்.”

எல்லோரும் மண் சுரண்டும் கரண்டிகளைக் கீழே வைத்தார்கள். மறுநாள் காலை லோரியில் கழிப்பறை வந்து இறங்கியது. என் பணிக்காலத்தில் எந்தக் கோப்பும் அவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லை. பார்த்தவரிடமெல்லாம் அது என் மகள் வரவழைத்தது என்று சொன்னேன்.

இப்போது எந்த முகாமுக்குப் போனாலும், வேலையிடத்திலிருந்து கழிப்பறைவரை வெயிலில் நடந்து பார்த்த பிறகே பட்டியலைத் திறக்கிறேன்.