மாமாவுக்கு நான் நடத்திய ஆங்கில வகுப்பு

எங்கள் மாமா ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்குவதுகூடப் பரவாயில்லை, முடிப்பதுதான் சகிக்காது. தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் எங்கள் ஊர் 'லா'வை ஒட்டி "ஓகே லா, பை லா" என்று போனை வைத்துவிடுவார். பாங்காக்கில் வாடிக்கையாளர் சேவை வேலை, தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், கைப்பேசியிலேயே ஆங்கில நேர்காணல் என்று ஒரு விளம்பரம் வந்தது. புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் உடனே மாணவராகிவிட்டார். ஆசிரியை நான். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தேன். ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதல் ஆள் என்ற மிதப்பு நிறைய இருந்தது.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. அம்மாதான் அவரை வளர்த்தார், அவர் எங்களோடுதான் இருந்தார். மாலையில் குளித்துவிட்டு வந்து சமையலறை மேசையில் என் எதிரே உட்காருவார். நான் டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு, வாங்கிய சாமான் உடைந்து வந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தி, "டேக் கேர்", "சீ யூ சூன்", "ஹேவ் எ நைஸ் டே" இவற்றில் ஒன்றைச் சொல்லி முடிக்க வேண்டும். வாயில் 'லா' வந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

"இவ்ளோ மரியாதையா யாரு போன வைப்பா, டீச்சரம்மா?" என்று சலித்துக்கொள்வார்.

"வேல வேணுமா வேணாமா?" என்பேன். அம்மா அடுப்படியில் நின்று சிரிப்பார்.

வேலை கிடைத்தது. போய்ச் சேர்ந்துவிட்டதாக ஒரு குரல்செய்தி வந்தது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் பேச்சே இல்லை. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஓயாமல் அந்த எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு வந்தது. அம்மா பதறி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் ஆங்கிலம்.

"தம்பி குரல் மாரிதான் இருக்கு. என்னா சொல்றான் பாரு" என்று என்னிடம் நீட்டினார்.

மாமாதான். நலமாக இருக்கிறேன், வேலை நன்றாகப் போகிறது, யாரிடமும் புகார் கொடுக்க வேண்டாம் என்று ஆங்கிலத்திலேயே சொன்னார். ஒரு 'லா' இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு "டேக் கேர்" என்றார். நானும் சொன்னேன். "சீ யூ சூன்" என்றார். அதையும் திருப்பிச் சொன்னேன். மறுபடியும் "டேக் கேர்". ஒன்று போதுமே, எதற்கு எல்லாவற்றையும் ஒப்பிக்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. போனை மட்டும் அவர் வைக்கவில்லை.

அம்மா குனிந்து, "பசியாறிட்டியா தம்பி?" என்றார்.

அதற்கும் ஆங்கிலத்தில்தான் பதில் வந்தது.

"யெஸ், மேடம். தேங்க் யூ. குட்பை." தொடர்பு அறுந்தது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னையப் போயி மேடங்கிறானே" என்று அழுதவர், சட்டென்று எழுந்து அப்பாவைப் போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பச் சொன்னார்.

புக்கிட் செந்தோசாவிலிருந்து அதே வேலைக்குப் போய்த் தப்பி வந்த ஒரு பையன், சில வருடங்கள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தான். பாங்காக் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி ஒரு கட்டடத்தில் அடைத்துவிடுவார்களாம். போனில் ஆட்களை ஏமாற்றிப் பணம் பறிப்பதுதான் வேலையாம். வீட்டுக்குப் பேசும்போது பக்கத்திலேயே ஒருவன் நின்று கேட்பானாம். தமிழில் ஒரு சொல் வந்தாலும் அடி. மாமா என்ன ஆனார் என்று அவனுக்கும் தெரியவில்லை. எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அன்று காலை எனக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. அழுதுகொண்டே உடை மாற்றிய அம்மாவின் பின்னாலேயே போய், மாமா ஒரு தப்புக்கூட விடவில்லை, கண்டிப்பாகச் சம்பளம் கூட்டிக் கொடுப்பார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.