தூசி தின்ற தொண்டை

"ஞாயிறு, மாரிகுப்பம். ஜாஸ் இசைத்தட்டு ஒன்று. வெளியான ஆண்டு உறையில் இல்லை." பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் போய், விவரம் சரிபார்த்துக் குறித்துவைக்கும் என் நாட்குறிப்பில் அன்று இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

தட்டுக்குச் சொந்தக்காரர் சர்ச் பேண்டில் டிரம்பெட் ஊதியவர். அந்த ஊர்த் தங்கச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்; தூசி நுரையீரலில் படிந்ததால் ஊதுவதை விட்டிருந்தார். ஒடிசலான உடம்பு. நான்கு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார்.

தட்டில் ஒருவர் டிரம்பெட் ஊதினார். நடுநடுவே கரகரத்த குரலில் குறும்பாகப் பாடவும் செய்தார்.

"தொண்டய கேட்டீங்களா சார்? இவரும் அண்டர்கிரவுண்டு ஆளுதான். தூசி தின்ன தொண்ட. அப்பவும் இன்னா ஊது ஊதறாரு பாருங்க!"

அது அந்தப் பாடகரின் பாணி என்று சொல்ல வாயெடுத்தேன். கதவருகே நின்ற அவர் மனைவி, வேண்டாம் என்று தலையசைத்தார்.

"இவரால முடியுதுன்னா என்னாலயும் முடியும். வர்ற ஈஸ்டருக்கு நானும் ஊதறேன்."

"ஊதுவீங்க, ஊதுவீங்க. மொதல்ல இந்தக் காப்பிய ஊதிக் குடிங்க" என்றார் மனைவி.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, பாட்டு முடிந்த பின்னும் நிற்கவில்லை.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இறந்துபோனார்.

அந்தப் பாடகர் எப்போதாவது சுரங்கத்தில் இறங்கியவரா என்பதை நான் இன்றுவரை சரிபார்க்கவில்லை.