கிளிக்கு மூக்கு வந்த பிறகு

என் பேத்திக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. யாரோ சொன்ன கோளாறு எப்போது தீர்ந்தது, தீர்ந்ததென்று யார் சொன்னது என்று பார்க்க வேண்டுமாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எழுபதுகளில் ஆரணியில், எங்கள் தறிக்கொட்டகையில் அந்த வேலையைக் கந்தல் துணி பார்த்தது. எனக்குப் படிப்பு கிடையாது. சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். காபி ஆறுவதையும் எழுதச் சொன்னேன், மாட்டேன் என்கிறாள்.

தறி பழுதானால் நெய்கிறவர் தறிக்காலில் சிவப்புத் துணி கட்டுவார். வாரம் ஒருமுறை கண்ணமங்கலத்திலிருந்து வரும் மெக்கானிக் அதைப் பார்த்துப் பழுது நீக்கி, துணியையும் தானே அவிழ்த்துவிட்டு பஸ் ஏறுவார். துணி இல்லையென்றால் கோளாறு இல்லை.

பக்கத்துத் தறி அக்கா தன் மகள் கல்யாணப் புடவையைத் தானே நெய்துகொண்டிருந்தாள். கரையெல்லாம் கிளி. தறிக்கு மேலே ஓட்டை போட்ட அட்டைகள் சுற்றச் சுற்ற, கொக்கிகள் இழையைத் தூக்கும், புடவையில் கிளி விழும். ஒரு கொக்கி தூக்கவில்லை, கிளிக்கு மூக்கு வரவில்லை. அக்கா துணி கட்டினாள். மெக்கானிக் எண்ணெய் விட்டு, நாலு மிதி மிதித்துப் பார்த்து, துணியை அவிழ்த்துவிட்டுப் போனார். நம்பி நெய்தால், அடுத்த கிளியும் மூளி! நாலு மிதியில் வால்தான் வரும். மூக்குக்கான அட்டை வந்தே இருக்காது.

நெய்ததைப் பிரித்துவிட்டு, மறுபடி துணி கட்டி, மறுவாரம்வரை காத்திருந்தாள். கல்யாணமோ நெருங்கிவிட்டது.

மெக்கானிக் வந்து கொக்கியையே மாற்றினார். துணிக்குப் போன கையை அக்கா தட்டிவிட்டாள்.

"கட்னது நானு. அவுக்கறதும் நான்தாண்ணே. அட்ட ஒரு சுத்து முழுசா வரட்டும்."

"பேஜார் பண்ணாதம்மா, பஸ்சு போயிடும்!"

"போவட்டும். மூக்கில்லாத கிளியக் கட்டிகினு எம்பொண்ணு மணையில குந்துவாளா?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "உங்க மூக்கையாவது குடுத்துட்டுப் போங்கண்ணே, நீளமாத்தான கீது" என்றேன். கொட்டகையே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே தறியோரம் குந்தினார்.

வால் வந்தது, வயிறு வந்தது, இறக்கை வந்தது. தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவர் திரும்பவில்லை, முகத்தைப் புடவைக்குள் புதைக்காத குறை.

"வந்துட்ச்சி! மூக்கு வந்துட்ச்சிம்மா!"

முதலில் கத்தியது அவர்தான். அக்கா எட்டித் துணியை அவிழ்த்துவிட்டு, அடுத்த கிளிக்கு மிதித்தாள்.