தாக்ரேயின் மஞ்சள் கொட்டகை

"சைக்கிளில் ஏறி வராதீர், தள்ளிக்கொண்டு வருக" என்று தோட்ட வாசலில் பலகை இருக்கிறது. ஹோரஸ் தாக்ரே ஏறியும் வருவதில்லை, தள்ளியும் வருவதில்லை. சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வருகிறார். "ஏறாதேங்கிறியா, சரி. யார் மேலயாவது மோதிடும். ஆனா தள்ளுன்னு சொல்ல நீ யாருய்யா?" என்று ஞாயிறுதோறும் பலகையைக் கேட்கிறார். பலகை இதுவரை வாயைத் திறக்கவில்லை.

யார்க்‌ஷயரில் ஒரு கம்பளி ஆலை ஊரில் முடிதிருத்தும் கடை அவருக்கு. மனிதனுக்கு மனிதன் உத்தரவு போடக்கூடாது என்பது அவர் கட்சி. கன்னத்தில் நுரையோடும் தொண்டையில் கத்தியோடும் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் அதை மறுத்ததில்லை. ஆனால் பின்னால் கொஞ்சம் நீளமாக விடுங்கள் என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "தலை உன்னுது, ஒத்துக்கறேன். கத்தரி என்னுது." ஊரில் பாதி ஆண்களுக்கு ஒரே மாதிரித் தலைதான்.

அந்தத் தோட்டத்தை நகராட்சி துண்டு துண்டாக வாடகைக்கு விட்டிருக்கிறது. ஆளுக்கொரு பாத்தி, ஆளுக்கொரு மரக் கொட்டகை. ஹோரஸின் உயிர் அங்கே இருக்கும் லீக்ஸில் இருக்கிறது. வெங்காயத்தின் பங்காளியான அந்தச் செடியைச் செப்டம்பர் காய்கறிப் போட்டிக்காகப் பிள்ளைபோல் வளர்க்கிறார். குளிரடித்தால் தன் பழைய கம்பளிச் சட்டையைப் போர்த்திவிடுவார்.

போன வசந்தத்தில் கொட்டகைக்கு அடிக்கப் பச்சைப் பெயிண்ட் வாங்கி வந்து மூடியைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டக் கமிட்டிச் செயலாளர் கிளிஃபோர்ட் ஸ்னெல், எல்லாக் கொட்டகைகளும் இனிப் பச்சையாகவே இருக்க வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார். ஹோரஸ் மூடியைச் சுத்தியால் அடித்து மூடினார். கடைக்குத் திரும்பிப்போய் மஞ்சள் வாங்கி வந்து நாலு சுவருக்கும் அடித்தார். கண்ணைக் குத்தும் மஞ்சள். அவருக்கே பிடிக்கவில்லை. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் டீ குடிப்பார்.

அடுத்த பாத்திக்காரி எனிட் புல்மர், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெஞ்சுக்கு நேரெதிரே அந்த மஞ்சள் சுவர்களில் ஒன்று.

"மஞ்சக்காமாலை புடிச்ச மாதிரி நிக்குதே, ஹோரஸ்!"

"புடிக்கலேன்னா மூடிக்க அம்மணி. கண்ணு உன்னுதுதானே."

கமிட்டி கூடியது. பச்சை அடிக்காவிட்டால் பாத்தியைப் பிடுங்கிவிடுவது என்று தீர்மானம். லீக்ஸ் அப்போது கட்டைவிரல் பருமன்கூட இல்லை. கடையில் அத்தனை பேச்சுப் பேசுகிறவர் அன்று கடைசி நாற்காலியில் போய் ஒண்டிக்கொண்டார். பாவம், பயந்துதான் போயிருந்தார்.

கைகள் சரிபாதியாக உயர்ந்தன. எனிட் ஒருவர்தான் பாக்கி.

"நீங்கதானேம்மா முதல்ல புகார் சொன்னது?" என்று ஸ்னெல் சிரித்தார்.

"ஆமா. அந்தக் கண்றாவியப் பாத்தா எனக்கு டீயே எறங்க மாட்டேங்குது. அதுக்காக? அது அவரு கொட்டகை. இன்னைக்கு அவரு சுவத்துல கை வைப்பீங்க, நாளைக்கு என் ஜன்னல் திரையில வைப்பீங்க. நான் ஹோரஸ் பக்கம்."

தீர்மானம் தோற்றது, பச்சை விதியும் அதோடு போனது. ஹோரஸுக்கு நன்றி சொல்ல நாக்கு எழவில்லை. "கண்றாவின்னு சொல்லியிருக்க வேண்டாம்" என்று மட்டும் முணுமுணுத்தார்.

அடுத்த ஞாயிறு சைக்கிளை இறக்கி வைத்ததும் பழைய பச்சை டப்பாவை நெம்பித் திறந்தார். ஸ்னெல் ஓடி வந்தார்.

"ஏம்ப்பா, ஜெயிச்சுட்டு இப்ப போய் பச்சை அடிக்கிறே?"

"இப்பதானே யாரும் அடிக்கச் சொல்லலை."

எனிட்டின் பெஞ்சைப் பார்த்த சுவரை அடிமுதல் உச்சிவரை பச்சையாக்கினார். மற்ற மூன்றையும் மஞ்சளாகவே விட்டு, மூடியைச் சுத்தியால் அடித்து மூடிவிட்டு லீக்ஸுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.