ஸ்டியரிங்கில் கட்டிய நூல்

கூமாப்பட்டி வீட்டில் பேத்திக்கு ஆஸ்பத்திரிப் பை கட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது மாதம். டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் கிடந்தது. அப்போதுதான் என் மகன் முருகன் போனும் கையுமாக வந்து நின்றான். எங்கள் காரைப் பழுதுபார்க்க விட்டிருந்த ராஜபாளையம் மெக்கானிக் செல்வராசு நெஞ்சுவலியில் விடியக்காலம் போய்விட்டாராம். "நம்ம கார் முடிஞ்சிருச்சாடா?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மறைக்க மனசில்லாமல் அதையே முதலில் எழுதிவிட்டேன்.

அவரிடம் வண்டி விட்டவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வெள்ளை அம்பாசடருக்கு வாங்கிய நாளிலிருந்து அவர் கைதான். புதுச் சாமான் வேண்டும் என்று போய் நின்றால், "பழசு எங்க அக்கா?" என்பார். பழசைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எதையும் தேடிப் போக மாட்டார். ஒருதரம் நான் சாமான் பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். அஞ்சாம் வகுப்போடு நின்றாலும் என் கையெழுத்தில் எனக்குப் பெருமை உண்டு. அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுத்து முத்து முத்தா இருக்கு. ஆனா இதை வண்டியில மாட்ட முடியாதே" என்று அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

சாமானை மாட்டியதும், கை துடைக்க மில்லிலிருந்து வாங்கி வைத்திருக்கும் கழிவு நூலில் ஒன்றை உருவி ஸ்டியரிங்கில் கட்டுவார். வண்டியை இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பிறகு மனைவி ரோஸ்லினைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்த் திரும்புவார். அதற்குப் பொறவுதான் நூலை அவிழ்ப்பார். இன்றைக்கு யார் காரில் சவாரி என்று ரோஸ்லினைத் தெருவே கேலி பண்ணும். "நம்ம வீட்டு ஆளை ஏத்திப் பாக்காம அடுத்த வீட்டு ஆளை எப்படி ஏத்துறது?" என்பார் அவர்.

ஓர் ஆடிப்பூரத்தன்று அவர் சாப்பிடப் போயிருந்தார். தேர் கிளம்பிவிடுமே என்ற அவசரத்தில் நானே நூலை அவிழ்த்துப் போட்டு, மகனை வண்டியை எடுக்கச் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. ரோட்டோரம் கிடந்த மணல் குமியலில் ஏற்றித்தான் முருகன் வண்டியை நிறுத்தினான். பைக்கில் வந்து சேர்ந்த செல்வராசு திட்டவில்லை. ஒவ்வொருவர் கைகாலையும் பார்த்தார். "நூலைத்தான் அக்கா அவுத்தீங்க. பிரேக் ஆயில் குழாய்க்குள்ள காத்து இருந்துச்சு; அது இருந்தா மிதி பிடிக்காது. அதை நான் இன்னும் எடுக்கலையே" என்றார். சட்டைப்பையிலிருந்து வேறொரு நூலை எடுத்துக் கட்டினார்.

இந்தத் தடவை போனது மாஸ்டர் சிலிண்டர். மிதித்த மிதியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அதுதானாம். மதுரையில் கிடைத்தது மயிரிழை அளவு பெரிது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் வத்திராயிருப்புப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், கோழி அடைந்து கிடந்த காரிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்து, உள்ளே புது வாஷர் போட்டார். வாடகைக் கார் போதும் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை. பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்தது இந்தக் காரில். அவள் பிள்ளையும் இதில்தான் வரவேண்டும் என்று வீம்பு பிடித்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஷெட்டுக்குப் போனோம். ஸ்டியரிங்கில் நூல் இருந்தது. சிலிண்டர் மாட்டியிருந்தது. காற்றை எடுத்தாரா இல்லையா, யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எடுத்துப் போங்கள் என்றார். எனக்கு மனசு துணியவில்லை. கண்ணை மூடினால் அந்த மணல் குமியல். பேத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாலே நான் காலண்டரைப் பார்த்தேன். மூன்று நாள் பொறுத்தேன். பிறகு வீம்பை விட்டுவிட்டு, கார் அங்கேயே நிற்கட்டும் என்று ரோஸ்லினிடம் சொல்ல முருகனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ரோஸ்லின் எழுந்து ஷெட்டுக்கு வந்து, காரின் பின்சீட்டுக் கதவைத் திறந்து ஏறினார். இந்த நேரத்தில் எதுக்கும்மா என்று தடுத்தேன்.

"அவிய கட்டுன நூலு மதினி. ஓட்டிப் பாக்காம அப்படியே விடப்படாது. நான் எப்பவும் உக்காருத எடம்தானே இது. முருகா, எடு."

நான் முன்னால் ஏறிக்கொண்டேன். முருகன் மெதுவாக ஓட்டினான். ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லை வந்தது. "இங்க மிதி" என்றார் ரோஸ்லின். அவன் மிதிக்குமுன் என் கால் தரையை அழுத்தியது. வண்டி நின்றது. இழுக்காமல், ஒரு பக்கம் சாயாமல் நின்றது.

"காத்தை எடுத்துட்டாவ மதினி" என்றார் ரோஸ்லின். அடக்கத்தன்றுகூட வாய்விட்டு அழாதவர் அங்கே அழுதார்.

பேத்தியை அந்தக் காரில்தான் கூட்டிப் போனோம். அதிலேயே பிள்ளையோடு திரும்பி வந்தாள். செய்தி வந்த அன்று நான் கேட்ட கேள்விக்கு, செல்வராசு தம்பி பதிலை முடித்துவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். ரோஸ்லின் அவிழ்த்துக் கொடுத்த நூல் என் மணிபர்ஸில் இருக்கிறது. ஆயில் கறையோடு இருக்கிறது. துவைக்க மாட்டேன்.