கடைசி வரிசையை மூட ஆளில்லை

மில்லிமீட்டர்னு அவளுக்குப் பேர் வச்சதே நான்தான். எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி, எனக்கு நாத்தனார். அவ ஆபீஸ்ல அரை மில்லிமீட்டருக்கு அடிதடியே நடக்கும், அதான். பேரைக் கேட்டதும் கோவிச்சுக்குவான்னு பார்த்தா, "அவ்வளவு பெரிய அளவையா எனக்கு வைக்கறீங்க அண்ணி?"ன்னு கேட்டா. ஆளு அப்படி.

கல்யாணப் பேச்சை எடுத்தாலே காது கேக்காத மாதிரி இருந்துடுவா. எங்களோடதான் இருக்கா. அவளுக்கு ஒரு ரூம், எங்களுக்கு ஒரு ரூம், நடுவுல நான் கத்தறதுக்கு ஒரு ஹால். ஸ்கிரீன் சம்பந்தமான வேலைன்னு கேள்விப்பட்டு எதிர் வீட்டுக்காரர் ஒருநாள் உடைஞ்ச போனைத் தூக்கிட்டு வந்துட்டார். இவ அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துட்டு, "இதைத் திறக்கவெல்லாம் எனக்குத் தெரியாதுங்க"ன்னு திருப்பிக் கொடுத்தா. மனுஷன் என்னை ஒரு பார்வை பார்த்தாரே! எனக்கு மானமே போச்சு.

அப்ப என்னதான்டி பண்றே? எனக்கு ஒரு விஷயம் தெரியலைன்னா தலை வெடிச்சிடும். கையைப் பிடிச்சு உட்கார வச்சுக் கேட்டேன்.

என் போனையே எடுத்துக் காட்டினா. "ஸ்கிரீனைச் சுத்தி ஒரு கறுப்பு ஓரம் இருக்கு பாருங்க. அதுக்குள்ளதான் என் வேலை." படம் ஒரேயடியா வர்றதில்லையாம். குட்டிக் குட்டிப் புள்ளிங்க வரிசை வரிசையா இருக்கு. மேலேர்ந்து ஒவ்வொரு வரிசையாத் திறந்து, படத்துல அதோட பங்கை உள்ளே விட்டு, மூடிட்டு அடுத்ததுக்குப் போகணும். திறக்கற சர்க்யூட்டை முன்னெல்லாம் தனிச் சிப்பா ஓரத்துல ஒட்டுவாங்களாம். இப்ப கண்ணாடி மேலயே, அந்தக் கறுப்பு ஓரத்துக்குள்ளயே வச்சுடறாங்க. ஓரம் ஒல்லியா ஆக ஆக இவளுக்கு இடம் குறைஞ்சுக்கிட்டே போகும். இது ஒண்டுக்குடித்தனம்னு சொன்னேன், சிரிச்சா.

"சரி, மூடறது யாரு?"ன்னு கேட்டேன். நான் க்ளினிக்ல டோக்கன் கொடுக்கறவ. உள்ளே அனுப்பறது பெரிசில்லை, உள்ளே போனவங்களை வெளியே வரவழைக்கறதுதான் பெரும்பாடு.

"அடுத்த வரிசைதான் அண்ணி. அது திறக்கும்போதே முந்தினதை மூடிடும்."

அட, எங்க டாக்டர் ரூம் கதைதான்! அடுத்த டோக்கன் தலையை நீட்டினாத்தான் உள்ளே இருக்கறவர் எழுந்திருப்பார். கடைசி டோக்கன்காரர் மட்டும் உலகத்துக் கதையெல்லாம் பேசிட்டு உட்கார்ந்திருப்பார், எனக்கு பஸ் போயிடும்.

"அப்ப உன் கடைசி வரிசையை யாரு மூடறது?"

"அதுக்குன்னு கீழே ஒரு டம்மி வரிசை வைப்போம். அது படமே காட்டாது. கடைசி வரிசையை மூடறது மட்டும்தான் அதுக்கு வேலை."

அந்த டம்மியைத்தான் இவ தூக்கிட்டா.

ஏன் தூக்கினான்னு சொல்லணும். வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து இவளுக்கு அடுத்தவங்க வரைஞ்ச சர்க்யூட்டுல தப்புக் கண்டுபிடிக்கற வேலைதான். தப்பைக் கண்டுபிடிக்கறவளை எவனுக்குப் பிடிக்கும்? கேன்டீன்ல இவ பக்கத்துல உட்காரவே யோசிப்பாங்களாம். கெஞ்சிக் கூத்தாடி முதல் தடவையா ஒரு சர்க்யூட்டை இவளே வரைய வாங்கியிருந்தா. கையில கட்டற கடிகாரம் மாதிரி ஒரு கருவி பண்ற கம்பெனிக்கு. அவங்க கேட்ட ஓரத்துக்குள்ள டம்மி அடங்கலை. இந்த வேலை கையை விட்டுப் போனா ஒல்லி ஓரப் பிரிவையே மூடிடுவாங்க, இவ மறுபடியும் தப்புத் தேடப் போகணும். அதனால துணிஞ்சு டம்மியை எடுத்துட்டு, அடுத்த படம் ஆரம்பிக்கும்போது மேலே வர்ற சிக்னலையே கடைசி வரிசையையும் மூட வச்சா. அவ வரைஞ்ச சர்க்யூட்டோட மாதிரிக் கண்ணாடி தயாராகி வந்துது. படம் ஜோரா ஓடிச்சு. அன்னைக்கு அவ முகத்தைப் பார்க்கணுமே!

ரெண்டு நாள் கழிச்சு டெஸ்ட் பண்ற பையன், கீழே மங்கலா ஒரு கோடு பார்த்தேன்னு சொல்லியிருக்கான். வேற யாருக்கும் தெரியலை. இவ போய்ப் பார்த்தா, கோட்டைக் காணோம். ஒயரை மாட்டிப் பார்த்தா. சூடு காட்டிப் பார்த்தா. ம்ஹூம். அவன் கண்ணுல தூசின்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. இவளுக்கு மட்டும் மனசு ஆறலை. டீம் லீட்கிட்ட சொல்லிட்டு அந்தக் கண்ணாடியை வீட்டுக்கே கொண்டு வந்துட்டா.

ஞாயித்துக்கிழமை காலையில அது எங்க சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்திருக்கு. தட்டு வைக்க இடமில்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைத் தட்டறா, தடவறா, செட்டிங்கை மாத்தறா. தட்டுல போட்டது ஆறிப்போச்சு. எனக்கு வந்துதே கோவம். "சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் அந்தச் சனியனைத் தொட்டே, தூக்கி வெளியே போட்டுடுவேன்!" அண்ணி கத்தினா அவ அடங்கிடுவா. கையை மடியில வச்சுக்கிட்டுச் சாப்பிட்டா.

ரெண்டாவது தடவை பரிமாறிட்டிருக்கேன், அவ சாப்பிடறதை நிறுத்திட்டா. கண்ணு அதுமேலயே நிக்குது. "யாரும் தொடாதீங்க"ன்னு மெதுவாச் சொன்னா. நானும் குனிஞ்சு பார்த்தேன். அடிவிளிம்புல மயிரிழை மாதிரி ஒரு வெளுத்த கோடு. அவ விரலால லேசாத் தொட்டா, போச்சு. கையை எடுத்துட்டுக் காத்திருந்தோம், திரும்பி வந்துது. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு, பொய் சொல்லலை.

"தொடாம விட்டா இது பேட்டரியை மிச்சம் பிடிக்கும் அண்ணி. படத்தை நிதானமாத்தான் புதுப்பிக்கும். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ரொம்ப நேரம் கிடைக்கும். மூடற சிக்னல் அடுத்த படத்தோடதானே வரும். அவ்வளவு நேரமும் கடைசி வரிசை சரியா மூடாமலே கிடக்கு, வர்ற குப்பையெல்லாம் உள்ளே போகுது. நான் பார்க்கப் போற போதெல்லாம் தொட்டுத் தொட்டு அதை எழுப்பிட்டேன்." சொல்லும்போதே குரல் இறங்கிடுச்சு. அவ வரைஞ்சதுல அவளே கண்டுபிடிச்ச தப்பு.

அன்னைக்குப் பூரா ரூமை விட்டு வரலை. சாயங்காலம் வெளியே வந்தவ முகத்துல வேற ஒரு களை. "டம்மி எதையும் திறக்கப் போறதில்லையே அண்ணி, அதுக்கு எதுக்கு மத்ததுங்க மாதிரி அவ்வளவு பெரிய உடம்பு? ஒரு வரிசை முழுக்கப் புள்ளிகளைத் தூக்கி நிறுத்தறதுக்குத்தான் பலம் வேணும். இதுக்கு ஒருத்தனை உட்கார வைக்கற பலம் போதும். மேல இருக்கறதை அப்படியே காப்பி பண்ணிக் கீழே ஒட்டறதே எங்க எல்லாருக்கும் பழக்கமாயிடுச்சு. குட்டியா வரைஞ்சேன். ஓரத்துக்குள்ள அடங்கிடுச்சு!"

அப்புறம் என்ன, முடிஞ்சுதேன்னு நினைச்சேன். எங்கே முடிஞ்சுது? புதுசா வரைஞ்சா கண்ணாடியும் புதுசா எடுக்கணும், மாசக்கணக்காகும். கருவி பண்ற கம்பெனிக்காரர் பார்க்க வர்றதோ செவ்வாய்க்கிழமை. லீட் நல்ல மனுஷன்தான், ஆனா பயந்துட்டார். "அவங்க ஓடற படத்தைப் போட்டுத்தான் பார்ப்பாங்க. இப்ப வாயைத் திறந்தா வேற இடத்துக்குப் போயிடுவாங்கம்மா"ன்னாராம்.

செவ்வாய்க்கிழமை க்ளினிக்ல ரெண்டு பேருக்கு ஒரே டோக்கனைக் கொடுத்துட்டேன். மனசு அங்கயா இருந்துது? சீக்கிரமே கிளம்பி வந்து வாசலையே பார்த்துட்டிருந்தேன். வந்தா மகராசி. செருப்பைக் கழட்டினா. தண்ணி குடிச்சா. ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து மூடினா. எனக்கு உயிரே போகுது.

"என்னடி ஆச்சு?"

"நானே எடுத்து அவர் முன்னாடி வச்சேன் அண்ணி. யாரும் தொடாதீங்க, பேசாமப் பாருங்கன்னேன். லீட் கண்ணை மூடிக்கிட்டார். கோடு வந்துது."

"ஐயோ!"

"அவர் மூக்கு முட்டற அளவுக்குக் குனிஞ்சு பார்த்தார். 'இதை நாங்க கண்டுபிடிச்சிருக்கவே மாட்டோமே'ன்னார். உங்க கஸ்டமர் கண்டுபிடிப்பாங்கன்னேன். கையில கட்டிட்டுச் சும்மா இருக்கறவங்கதானே ஜாஸ்தி. அப்புறம் குட்டி டம்மியைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். இதையே போட்டுக் கண்ணாடி எடுங்க, நாங்க காத்திருக்கோம்னுட்டார்."

"அடிப்பாவி! இதை வாசல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"வாயைத் திறந்தா அழுதுடுவேன்னு இருந்துச்சு அண்ணி." சொன்ன மாதிரியே அழுதா. சமையல்கட்டுத் தரையிலயே உட்கார்ந்துட்டா. "இத்தனை வருஷத்துல எத்தனை தப்பு எடுத்துக் கொடுத்திருக்கேன், யாரு கண்டுபிடிச்சதுன்னு ஒருத்தரும் கேட்டதில்லை. இன்னைக்கு அவர் நிமிர்ந்து பார்த்து, 'இதை வரைஞ்சது யாரு?'ன்னு கேட்டார் அண்ணி. எல்லாரும் என்னைக் கை காட்டினாங்க."

எனக்கும் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. பக்கத்துலயே உட்கார்ந்து அவளை இழுத்துக் கட்டிக்கிட்டேன்.